சவடு என்று எழுதிய ரசீது

2012 ஜூன் மாதத்தில் ஓர் இரவு. மணி இரண்டைத் தாண்டியிருக்கும். எங்கள் ஆலய வளாகத்துக்குள் ஒரு டிப்பர் லாரி முன்விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கமாகவே வந்தது. நான் டார்ச் லைட்டோடு வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். பெட்டி மெல்ல உயர்ந்தது, மணல் சரிந்தது. உலர்ந்த மணல் சரியும்போது ஒரு சலசலப்பு இருக்கும். இது ஈரமணல், தொப்தொப்பென்று கட்டியாக விழுந்தது. வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். குவியலின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வேப்பமரத்து வேரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. மணலுக்குள் சின்னச் சின்ன நத்தைக்கூடுகள். தாமிரபரணியின் வாசனை எங்கள் ஊர்க்காரனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

ஓட்டுநர் நீட்டிய ரசீதில் 'அஸ்திவாரம் நிரப்பச் சவடு மண், 3 யூனிட்' என்று எழுதியிருந்தது. சவடு என்றால் பள்ளம் நிரப்பும் சாதாரண மண். சபையின் பொருளாளர் நான். கையெழுத்துப் போட்டேன்.

வளாகத்தின் மூலையில் இருந்த ஓட்டு வீட்டில் ஓய்வுபெற்ற சபை ஊழியரான உபதேசியார் ஒருவர் குடியிருந்தார். சத்தம் கேட்டுத் துண்டைத் தோளில் போட்டபடி வந்தார். குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நடைச்சீட்டு இருக்கிறதா தம்பி?" என்றார். "இருக்கிறது ஐயா" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நடைச்சீட்டு என்பது என்னவென்று ஆற்றங்கரையில் வாழாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் அள்ளிய இவ்வளவு மணல், இந்த வண்டியில், இந்த ஊருக்குப் போகிறது என்று அரசு தரும் காகிதம் அது. அது இல்லாத மணல் திருட்டு மணல். அந்த ஆண்டில் எங்கள் ஆற்று மணலுக்கு நடைச்சீட்டு இருக்கவே முடியாது. 2010 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தாமிரபரணியில் ஐந்து ஆண்டுகளுக்கு மணல் அள்ளக் கூடாது என்று உத்தரவிட்டிருந்தது. அதனால்தான் ரசீதில் சவடு. குளத்து ஓரத்திலும் பட்டா நிலத்திலும் சவடு மண் எடுக்க அனுமதி வாங்குவது, அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஆற்று மணலை ஏற்றுவது. இந்த வித்தை எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

தடை கேட்டு வழக்குத் தொடுத்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர், அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல். கடவுளைப் பற்றி அதிகம் பேசாத ஓர் இயக்கத்தின் முதியவர் ஆற்றைக் காப்பாற்ற நீதிமன்றம் போகிறார். வாரம் தவறாமல் 'வானத்தையும் பூமியையும் படைத்த சர்வவல்லமையுள்ள பிதாவாகிய தேவனை விசுவாசிக்கிறேன்' என்று சொல்லும் நாங்கள் அந்த ஆற்றை ராத்திரியில் அள்ளி அந்தப் பிதாவுக்கே ஆலய மண்டபம் கட்டுகிறோம். அன்றைக்கு இது எனக்கு உறைக்கவில்லை. மண்டபத்துக்குக் கையிருப்பு குறைவு, சீட்டோடு வரும் மணலுக்கு வெளி மாவட்டம் போக வேண்டும், வாடகை கட்டாது. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கெழுதியவன் நான். கணக்கு சரியாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. என் பூட்டனார் ஞானஸ்நானம் பெற்ற வருடம், ஊருக்கு மேற்கே சுடலைமாடன் பீடத்தை ஒட்டி ஒரு பெரிய புளியமரம் நின்றதாம். உச்சிவேளையில் யாரும் அதன் நிழலைக்கூட மிதிக்க மாட்டார்களாம். பூட்டனார் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கோடரியோடு போய், ஜெபம் பண்ணிவிட்டு, மரத்தை வெட்டிச் சாய்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவருக்குக் காய்ச்சல்கூட வரவில்லை. அந்த மரத்தின் ஒரு துண்டுதான் பழைய ஜெபவீட்டின் உத்திரம். ஸ்தோத்திரப் பண்டிகைதோறும் ஆச்சி எங்களை அழைத்துப் போய் அதைக் காட்டுவாள். "இதில் பேய் இருந்தது என்றார்கள். பார், கர்த்தருடைய கூரையைத் தாங்குகிறது" என்பாள். எனக்குச் சிறுவயதில் அதைப் பார்க்கப் பெருமையாக இருக்கும்.

இந்தக் கதையைத்தான் லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் உலக அளவில் சொன்னார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. 1967-இல் ஓர் அறிவியல் இதழில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது. அவருடைய வாதம் சுருக்கமானது. பழைய மதங்களில் ஒவ்வொரு மரத்துக்கும் ஊற்றுக்கும் குன்றுக்கும் ஒரு காவல் தெய்வம் இருந்தது. வெட்டுவதற்கு முன் மனிதன் அதைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. ஒரே கடவுள் என்ற கிறிஸ்தவம் வந்து அந்தத் தெய்வங்களை எல்லாம் விரட்டியது. காவல் போனபின் மரம் வெறும் மரமானது, வெட்டுவது எளிதானது. இன்றைய சுற்றுச்சூழல் சீரழிவில் பெரும் பங்கு மேற்கத்தியக் கிறிஸ்தவத்துக்கு உண்டு என்றார். இத்தனைக்கும் அவர் கிறிஸ்தவர். மாற்றாக, பறவைகளையும் மிருகங்களையும் சகோதரராகக் கண்ட துறவி அசிசியின் பிரான்சிஸைச் சுட்டிக்காட்டினார். 1979-இல் போப் இரண்டாம் ஜான் பால் அதே பிரான்சிஸைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார்.

இதற்கு நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், ஆதியாகமம் ஒன்றாம் அதிகாரத்தில் 'ஆண்டுகொள்ளுங்கள்' என்று இருந்தாலும் இரண்டாம் அதிகாரத்தில் தோட்டத்தைப் 'பண்படுத்தவும் காக்கவும்' மனிதனை வைத்தார் என்று இருக்கிறதே என்பது. நல்ல பதில்தான். அந்த இரண்டு எபிரெய வினைச்சொற்களும், ஆபாத், ஷாமார், எண்ணாகமத்தில், இஸ்ரவேலர் தேவனைத் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தில், அந்தப் பணிக்கென்றே ஒதுக்கப்பட்ட லேவியர் செய்யும் வேலைக்கும் வருகின்றன என்று ஒரு வேதபாட வகுப்பில் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. ஆதாம் தோட்டக்காரன் மட்டுமில்லை, ஒருவகையில் ஆசாரியன். ஆனால் லின் வைட் கேட்டது நம் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்றா? புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்தோம் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு என் கையெழுத்திட்ட ரசீதுதான் பதில்.

லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் இருக்கிறது. எங்கள் சபையில் அதை வைத்துப் பிரசங்கம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 'தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம். நீங்கள் பரதேசிகளும் என்னிடத்தில் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள்.' புறக்குடி என்ற சொல்லை நான் பலநாள் மனதில் போட்டு உருட்டியிருக்கிறேன். நான் குடியிருக்கிறேன், வீடு என்னுடையதில்லை. ஒரே கடவுள் என்றால் ஒரே உடைமைக்காரர். புளியமரத்துக்கு ஒரு மாடன், சுனைக்கு ஒரு கன்னி என்று காவல் பிரிந்திருந்தபோது, ஒரு மரத்தடியில் பயந்தவன் அடுத்த மரத்தடியில் துணிந்துகொள்ளலாம். எல்லாம் ஒருவருடையது என்று ஆகிவிட்டால் பயப்படாமல் கைவைக்க ஓரிடமும் மிஞ்சாது. பூட்டனார் மரத்திலிருந்து மாடனை இறக்கினார். அந்த இடத்தில் கர்த்தரை ஏற்றினாரா? இல்லையென்றுதான் நினைக்கிறேன். அவருக்கு அது வெற்றுமரம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது, நிரூபித்தார். வெற்றுமரம் என்ற எண்ணம் மட்டும் எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. செங்கல் சூளைக்கு எங்கள் பனந்தோப்பிலிருந்து போன பனைகளை நான் எண்ணவில்லை. குருத்தோலை ஞாயிற்றுக்கு இப்போது ஓலை வெளியூரிலிருந்து வருகிறது.

இங்கே ஒரு சிறு விலகல். தமிழில் அந்த ஒருவரை எப்படி அழைப்பது என்று முன்னோர்கள் நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள். கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றார்கள். வேதத்தைத் தமிழில் மொழிபெயர்த்த மிஷனரி பாப்ரிசியுஸ் பராபரன் என்றார். அவருக்குப் பின் மொழிபெயர்த்த ரேனியஸ் தேவன் என்று மாற்றினார், அதுவே நம் வேதத்தில் நின்றுவிட்டது. பராபரன் என்ற சொல்லில் இருக்கும் விரிவு தேவனில் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆச்சி சாகும்வரை ஜெபத்தில் 'பராபரனே' என்றுதான் ஆரம்பிப்பாள். பெயருக்கு இவ்வளவு பாடுபட்ட சபை, அந்தப் பெயருக்குரியவரின் ஆற்றைப் பற்றிப் பேசியது குறைவு.

சட்டம் இல்லாமல் ஆறு கெடவில்லை. மணலுக்குச் சட்டம் உண்டு, தடை உண்டு, சீட்டு உண்டு, சோதனைச்சாவடி உண்டு. 2023 ஏப்ரல் 25 அன்று, எங்கள் ஆற்றின் கரையில் இருக்கும் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். சில மாதங்களில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கொல்லப்பட்ட அந்த அலுவலர் பெயரிலும் ஒரு பிரான்சிஸ் இருந்தது. அன்று சாயங்காலம் தொலைக்காட்சியில் அந்த மேசையையும் நாற்காலியையும் காட்டினார்கள். நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அவரை வெட்டியவன் வேறு ஆள், எனக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் திருட்டு மணலுக்கு விலை இருப்பதால்தான் அரிவாளுக்கு வேலை இருக்கிறது. அந்த விலையை நானும் ஒருமுறை கொடுத்திருக்கிறேன், சபைப் பணத்தில், வவுச்சர் எண் போட்டு.

கொள்கை அளவில் நடப்பதும் இதே ராத்திரி வேலையின் பகல்வடிவமாகத்தான் எனக்குப் படுகிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அனுமதி வாங்கச் சொல்கிறது. 2017-இல் மத்திய அரசு, அனுமதி இல்லாமல் தொடங்கியவர்களும் பிறகு வந்து வாங்கிக்கொள்ள ஒரு வாசலைத் திறந்தது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த வாசலை அடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அந்தத் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றது. முதலில் செய், பிறகு பணம் கட்டிச் சரிசெய்துகொள். புரொட்டஸ்டண்டு சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது எங்கோ கேட்டதுபோல இருக்க வேண்டும். 1517-இல் மார்ட்டின் லூதர் எதிர்த்தது பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை. லூதரின் பிள்ளைகள் என்று மார்தட்டுகிற நாம், ஆற்றுக்கும் காட்டுக்கும் எதிரான பாவத்துக்கு அரசாங்கம் சீட்டு விற்றால் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கட்டிய கட்டிடத்தை இடித்தால் பொதுமக்கள் பணம் வீணாகுமே என்ற நியாயம் பொய்யில்லைதான். ஆனால் அந்த நியாயம் தெரிந்தவன்தான் முதலில் கட்டிவிடுகிறான்.

பொது ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று எங்கள் சபைப் போதகரான ஐயர் மாதம் ஒருமுறையாவது பிரசங்கிப்பார். அவருடைய பட்டியல் சினிமா, செல்பேசி, மதுக்கடை, வாலிபப் பெண்களின் உடை. கடைசியாகச் சொன்னதற்குத்தான் நேரம் அதிகம். முன்காலம் பொற்காலம் என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்கத் தேவாலயத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து உட்காரவைக்கத் தடுப்புச்சுவர் இருந்தது, 1910-இல்தான் அது இடிபட்டது. எங்கள் சபைகளும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன், சுவர் இல்லாமலே பிரிந்து உட்காரத் தெரிந்தவர்கள் நாங்கள். ஆனால் ஒன்று நிச்சயமாகத் தேய்ந்திருக்கிறது. வாக்குக்குப் பணம் வாங்குவதைப் பற்றிப் பேசினால் முன்பு வீட்டுக்குள் குரலைத் தாழ்த்துவார்கள். 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே ரத்து செய்தார்கள். அந்தச் செய்தியை எங்கள் ஆலய வாசலில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த ஒருவர், "நமக்கு எப்போது வரும்?" என்றுதான் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அடுத்த சேகர கமிட்டி, அதாவது சபை நிர்வாகக் குழுத் தேர்தலிலும் அப்படித்தான் வீடுவீடாகப் பிரியாணிப் பொட்டலம் வந்தது. நான் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது.

ஓசியா தீர்க்கதரிசி நாலாம் அதிகாரத்தில் இவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். தேசத்தில் உண்மை இல்லை, இரக்கம் இல்லை, தேவனை அறிகிற அறிவு இல்லை. பொய்யாணை, பொய், கொலை, களவு. இதனால் தேசம் புலம்பும், மிருகங்களும் பறவைகளும் தொய்ந்துபோகும், கடலின் மச்சங்களும் வாரிக்கொள்ளப்படும். இரண்டாயிரத்து எழுநூறு வருடத்துக்கு முந்தைய அந்த மனிதருக்கு மீன் சாவதும் பொய்ச்சத்தியமும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். எங்கள் ஆற்றில் நான் நேரில் பார்த்ததும் அந்த வரிசையில்தான். முதலில் ரசீதில் ஒரு பொய். பிறகு மணல் போகிறது. மணல் போனால் தண்ணீரைப் பிடித்துவைக்க ஆற்றில் ஒன்றுமில்லை, பாறைமேல் ஊற்றிய தண்ணீர்போல ஓடிவிடும். கரையோரக் கிணறுகள் இறங்குகின்றன. ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் பக்கத்தில் தண்ணீர் உவர்க்கிறது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று தொடங்கிய மழை இருபத்துநாலு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஏறக்குறைய 800 பயணிகளோடு ஒரு ரயில் மாட்டிக்கொண்டதை நாடே பார்த்தது. எங்கள் ஊரில் ஆறு தெருவுக்குள் வந்தது. உயரமான இடம் ஆலய வளாகம்தான். இருட்டில் கயிறு பிடித்து ஜனங்கள் வந்தார்கள். அந்த மண்டபத்தில், சவடு என்று எழுதிய மணலில் கட்டிய அதே மண்டபத்தில், மூன்று இரவு நூற்றைம்பது பேருக்குமேல் படுத்திருந்தார்கள். தண்ணீர் இரண்டாவது படிவரை வந்து நின்றது.

இரண்டாம் நாள் விடியற்காலையில் ஒரு வயதான அம்மாள், கிழக்குத் தெருக்காரி, முந்தானை முடிச்சிலிருந்து கொஞ்சம் திருநீறு எடுத்தார். பொட்டலம் நனைந்து அது குழைந்திருந்தது. விரலால் நெற்றியில் இழுத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, "முருகா, என் ஆட்டுக்குட்டியை எங்கே கொண்டுபோனாய்" என்று முனகினார். கமிட்டி உறுப்பினர் ஒருவர் என் தோளைத் தொட்டு வெளியே அழைத்தார். "அண்ணாச்சி, ஆலய வளாகத்துக்குள் இதை எல்லாம் அனுமதிக்கலாமா? ஒரே தேவன் என்று பிரதிஷ்டை பண்ணிய இடம் இல்லையா?" அவர் கெட்ட மனிதர் இல்லை. இரண்டு நாளாகத் தூங்காமல் கஞ்சி காய்ச்சியவர்.

நான் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாள் சாய்ந்திருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூச்சு ஈரத்தில் உப்பியிருந்தது. பொருளாசையே விக்கிரகாராதனை என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியிருக்கிறார். அன்றைக்கு அந்த மண்டபத்துக்குள் விக்கிரகம் என்று ஒன்று இருந்தால் அது அவர் நெற்றியில் இல்லை, அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு உள்ளே எடுத்தேன். அதே சுவர்தான் அவர் உயிரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பதை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆறு இவ்வளவு ஆழமாகத் தோண்டப்படாமல் இருந்திருந்தால் கரைகள் உடைந்திருக்காது என்று சொல்லவும் எனக்குத் தகுதி இல்லை. 95 சென்டிமீட்டர் மழையை எந்தக் கரை தாங்கும்?

போன வருடம் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து 2012-ஆம் ஆண்டு ரசீதைப் பற்றிச் சொன்னேன். உபதேசியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார், அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஒருவர், "அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தானே கட்டினார்கள்" என்றார். இன்னொருவர், எழுத்தில் கொண்டுவந்தால் நாளைக்கு வழக்கு வரும் என்றார். அந்த மணலின் மதிப்பை இன்றைய விலையில் கணக்கிட்டு, ஆற்றங்கரையில் பனைவிதை ஊன்றுகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றேன். ஐயர், ஜெபிப்போம் என்றார். ஜெபித்தோம்.

நடவடிக்கைக் குறிப்பில் செயலர் அழகான கையெழுத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'மண்டபப் பராமரிப்பு குறித்துப் பேசப்பட்டது.' நான் பேனாவை வாங்கி, 'மண்டபப் பராமரிப்பு' என்பதை அடித்துவிட்டு, மேலே 'நடைச்சீட்டு இல்லாத ஆற்று மணல், 3 யூனிட்' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். செயலர் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த பொருளுக்குப் போனார். இந்த வருட அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, வாழை இலையா, பிளாஸ்டிக் பூசிய தட்டா. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்தத் தட்டு தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள், ஏழு அசனத்துக்கு அதைத்தான் வாங்கினோம் என்றேன். இலைக்கு யார் ஏரலுக்குப் போவது என்று கேட்டார்கள்.